பி.வி.ஐ. ஏறியதும் டிரிப்ஸைத் திறக்கும் முன்: கல்லீரல் மாற்று அறுவையில் ஊசி குத்தாத கண்காணிப்பு, அறிகுறிவாரியாக

கல்லீரல் மாற்று அறுவையில் திரவம் குறைந்தால் சிறுநீரகம் அடி வாங்கும். கூடினால் புதிதாகப் பொருத்திய கல்லீரல் வீங்கும், குடல் வீங்கும், வயிற்றை மூடத் திணற வேண்டிவரும், வென்டிலேட்டரிலிருந்து எடுப்பது தள்ளிப்போகும். நடுவில் இருக்கும் பாதை குறுகல். அதில் வழி காட்டத்தான் விரல் ப்ரோபில் வரும் பி.வி.ஐ. (திரவம் தேவையா என்று ஊகிக்க உதவும் எண், விளக்கம் கீழே), பிபி பார்க்கும் விரல் கஃப், இதயம் நிமிடத்துக்குத் தள்ளும் ரத்தத்தை, அதாவது வெளியேற்றத்தை, அளக்க மார்பில் ஒட்டும் பயோரியாக்டன்ஸ் பட்டைகள், தோல் வழியே ஹீமோகுளோபினைக் காட்டும் எஸ்.பி.எச்.பி., மூளையின் ஆக்சிஜனைப் பார்க்க நெற்றியில் ஒட்டும் நியர்ஸ் எல்லாம் தியேட்டருக்குள் வந்திருக்கின்றன.

கல்லீரலைப் பெறுபவரின் அறுவையில் இவை ஆர்ட்டரி லைனுக்கோ (தமனிக்குள் வைத்துப் பிபி பார்க்கும் குழாய்) சென்ட்ரல் லைனுக்கோ (இதயத்துக்கு அருகே பெரிய சிரைக்குள் வைக்கும் குழாய்) மாற்று அல்ல, கூடுதல் கண்கள் மட்டுமே. சில நிமிடங்களில் ஒரு லிட்டர் ரத்தம் போகக்கூடிய, பொட்டாசியம் சட்டென்று ஏறக்கூடிய அறுவையில் விரலை மட்டும் நம்பி நிற்க முடியாது. கல்லீரல் கொடுப்பவரின் அறுவை வேறு கணக்கு. அது கடைசியில் வருகிறது.

எந்த அறிகுறியாக இருந்தாலும் பார்க்கும் வரிசை ஒன்றுதான். முதலில் சிக்னல், அடுத்து வயிற்றுக்குள் சர்ஜன் என்ன செய்கிறார், அடுத்து நோயாளியின் இதயமும் ரத்தக் குழாயும், கடைசியாகத்தான் திரவப் பை. பெரும்பாலான தவறுகள் இந்த வரிசையைத் தலைகீழாக்குவதால் வருபவை.

எண்ணை நம்பலாமா என்று முதலில் பாருங்கள்

பி.வி.ஐ. என்பது பர்ஃப்யூஷன் இண்டெக்ஸ், அதாவது விரலில் ரத்தத் துடிப்பின் வலுவைக் காட்டும் பி.ஐ., ஒரு மூச்சுச் சுழற்சியில் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதன் சதவீதம். பி.ஐ. அதிகபட்சம் 3.0, குறைந்தபட்சம் 2.4 என்றால் வித்தியாசம் 0.6, அதை 3.0ஆல் வகுத்தால் பி.வி.ஐ. 20. வென்டிலேட்டர் காற்றைத் தள்ளும்போது இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. இதயம் திரவத்துக்கு ஏங்கும் நிலையில் இருந்தால் அந்த ஏற்ற இறக்கம் பெரிதாகும். ஆர்ட்டரி லைனில் பார்க்கும் பி.பி.வி.க்கும் (மூச்சோடு பல்ஸ் பிரஷர் மாறும் சதவீதம்) இதே தத்துவம்தான். வழக்கமாகச் சொல்லப்படும் எல்லை பி.பி.வி.க்கு 13, பி.வி.ஐ.க்கு 14. ஆனால் பி.பி.வி. 9 முதல் 13 வரை இருந்தால் அது ‘ஆம்’ என்றும் சொல்லாது, ‘இல்லை’ என்றும் சொல்லாது. பி.வி.ஐ.க்கு இன்னும் கொஞ்சம் அகலமாக, 10 முதல் 15 வரை சாம்பல் பகுதி என்று வைத்துக்கொள்வது நல்லது.

இந்த எண்களுக்கு அர்த்தம் இருக்க வேண்டுமானால் சில நிபந்தனைகள் ஒருசேர நிறைவேற வேண்டும். சைனஸ் ரிதம், அதாவது சீரான இதயத் துடிப்பு, வேண்டும். துடிப்பு தாறுமாறாகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் இரண்டு எண்ணும் வீண். நோயாளி தானாக மூச்சு இழுக்கக் கூடாது. டைடல் வால்யூம் (வென்டிலேட்டர் ஒரு மூச்சில் தள்ளும் காற்று) கிலோவுக்கு 8 மி.லி.யாவது இருக்க வேண்டும். நாடித் துடிப்பை மூச்சு எண்ணிக்கையால் வகுத்தால் 3.6க்கு மேல் வர வேண்டும். வலது இதயம் தளராமல் இருக்க வேண்டும்.

டைடல் வால்யூமில்தான் பலர் சறுக்குகிறார்கள். வயிற்றில் 10 லிட்டர் நீரோடு 78 கிலோ காட்டும் நோயாளியை எடை மெஷினை வைத்துக் கணக்கிடக் கூடாது. உயரத்தை வைத்துத்தான் கணக்கு: 165 செ.மீ. ஆணுக்கு ஏறத்தாழ 61 கிலோ. கிலோவுக்கு 8 மி.லி. என்றால் 490 மி.லி. நுரையீரலைக் காக்க 6 மி.லி., அதாவது 370 மி.லி. ஓட்டிக்கொண்டிருந்தால் பி.வி.ஐ. 8 என்று காட்டுவது ‘திரவம் வேண்டாம்’ என்பதற்குச் சான்று ஆகாது. அப்போது செய்யக்கூடியது டைடல் வால்யூம் சோதனை. ஒரே ஒரு நிமிடத்துக்கு 6லிருந்து 8க்கு ஏற்றுங்கள். பி.பி.வி. 3.5 புள்ளிக்கு மேல் கூடினால் இதயம் திரவத்துக்குப் பதில் தரும். பார்த்தவுடன் பழைய அளவுக்குத் திரும்பிவிடுங்கள். இந்த 3.5 பி.பி.வி.க்கான எல்லை, விரல் பி.வி.ஐ. மெதுவாக மாறுவதால் ஒரு நிமிடச் சோதனைக்கு அது தோது அல்ல.

அறிகுறி: பி.வி.ஐ. 8, 22, 11 என்று தாவுகிறது. அல்லது வெறும் கோடு

முதலில் பி.ஐ.யைப் பாருங்கள். அது 1க்குக் கீழே இருந்தால் பி.வி.ஐ.யை எழுதி வைக்கக்கூட வேண்டாம். எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவு நம்பிக்கை. காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: விரல் குளிர்ந்துவிட்டது, பிபியை ஏற்றும் நார்அட்ரினலினோ வாசோபிரசினோ விரல் நாளங்களைச் சுருக்கிவிட்டது, அல்லது ப்ரோப் சாய்ந்துவிட்டது.

டிரேப்புக்கு (நோயாளியை மூடும் அறுவைத் துணி) அடியில் கையைவிட்டு விரலைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் கையைச் சூடான காட்டன் பேடால் சுற்றுங்கள். ப்ரோபின் ஒளி உமிழும் பக்கமும் வாங்கும் பக்கமும் நேருக்கு நேர் இருக்கிறதா, அதன் மேல் தியேட்டர் விளக்கு படுகிறதா என்று பாருங்கள். ஒளி புகாத உறை ஒன்று போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். அதே கையில் பிபி கஃப் கட்டியிருந்தால் அதை மாற்றுங்கள். கை உடம்போடு சேர்த்துக் கட்டப்பட்டு, அதன்மேல் உதவி சர்ஜன் சாய்ந்து நிற்பதும் உண்டு. நான்கு மணி நேரம் ஓடிய பிறகு இதை யாரும் கவனிப்பதில்லை.

விரல் தேறாது என்றால் ப்ரோபைக் காதுக்கோ நெற்றிக்கோ மாற்றலாம். அங்குள்ள நாளங்கள் வாசோபிரசருக்கு (நாளங்களைச் சுருக்கும் இத்தகைய மருந்துகள்) விரலைவிடக் குறைவாகச் சுருங்கும். ஆனால் இடம் மாறினால் எல்லையும் மாறும். விரலில் 12 இருந்தது, காதில் 16 ஆகிவிட்டது என்று இரண்டையும் ஒரே வரைபடத்தில் இணைத்துப் படிக்காதீர்கள். மாற்றிய நேரத்தைச் சார்ட்டில் குறித்து, புது இடத்தில் புது அடிப்படை எண்ணிலிருந்து தொடங்குங்கள்.

அறிகுறி: வயிற்றைத் திறக்கும் முன்பே பி.வி.ஐ. 20

நீர் நிரம்பி இறுகிய வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளும். வென்டிலேட்டரின் ஒவ்வொரு மூச்சும் மார்புக்குள் அதிக அழுத்தமாக மாறும். ஆகவே நோயாளிக்குத் திரவம் குறையாமலேயே எண் உயரும். இந்த நிலையில் 14 என்ற எல்லை பொருந்தாது. வயிற்றைத் திறந்து நீரை எடுத்ததும் எண் தானாகவே இறங்கிவிடுவதுண்டு.

ஆனால் நீரை எடுத்த வேகத்திலேயே பிபியும் இறங்கலாம். வயிற்று அழுத்தம் விலகியதும் குடல் நாளங்கள் விரிந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ளும். இதற்குச் சலைன் போன்ற கிரிஸ்டலாய்டைக் கொட்டுவது பயன் தராது. அல்புமின் குறைந்த ரத்தத்தில் அது வேகமாகக் கசிந்துவிடும். எடுத்த நீரின் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 முதல் 8 கிராம் அல்புமின் என்பது வார்டில் நீர் எடுக்கும்போது பின்பற்றும் கணக்கு. இங்கேயும் தொடங்க அது உதவும். 5 லிட்டர் எடுத்தால் 40 கிராம், அதாவது 20% அல்புமின் 200 மி.லி. உறிஞ்சு பாட்டிலில் உள்ள அளவைச் சர்ஜன் சொல்லும்வரை காத்திருக்காமல் நீங்களே எட்டிப் பாருங்கள்.

சோடியம் 124ஓடு வந்த நோயாளிக்குச் சாதாரண சலைன் ஏற்றும்போது கை நடுங்க வேண்டும். அதில் சோடியம் 154. 24 மணி நேரத்தில் 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் ஏறினால் மூளைத்தண்டு பாதிக்கப்படலாம். 8.4% பைகார்பனேட்டில் உள்ள சோடியமும் அதே கணக்கில்தான் சேரும். அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

அறிகுறி: பி.வி.ஐ. 6, பிபி 80/40

இது திரவக் குறைவு அல்ல என்று எண் சொல்கிறது. எண்ணை நம்ப முடியும் என்று உறுதி செய்துவிட்டால் பை பக்கம் போகாதீர்கள். சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய்) நோயாளியின் நாளங்கள் முன்பே விரிந்து கிடப்பவை. இதயம் அதிகமாக வேலை செய்தும் பிபி குறைவாகவே இருக்கும். நார்அட்ரினலினை ஏற்றுங்கள், போதவில்லையென்றால் வாசோபிரசின் நிமிடத்துக்கு 0.02 முதல் 0.04 யூனிட்.

இங்கே அடிக்கடி ஒளிந்திருப்பது கால்சியம். ரத்தப் பைகளிலும் பிளாஸ்மாவிலும் உள்ள சிட்ரேட்டைக் கல்லீரல்தான் உடைக்க வேண்டும். பழைய கல்லீரலை எடுத்துவிட்டு, புதியது ரத்தம் பெறும்வரை அந்த வேலையைச் செய்ய ஆளில்லை. அயனிக் கால்சியம் 0.8க்கு இறங்கினால் இதயச் சுருக்கமே தளர்ந்து பிபி விழும். பிபியை மட்டும் பார்த்தால் அது திரவக் குறைவு போலவே தெரியும். பி.வி.ஐ. குறைவாக இருந்து பிபியும் விழுந்தால் ரத்த வாயுப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரும் முன்பே கால்சியத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அயனிக் கால்சியம் 1.1க்கு மேல் நிற்பதுதான் இலக்கு.

அறிகுறி: விரல் கஃப் 110, ஆர்ட்டரி லைன் 85

முதலில் உயரம். விரலுக்கும் இதயத்துக்கும் 10 செ.மீ. உயர வித்தியாசம் இருந்தால் ஏறத்தாழ 7.5 மி.மீ. பாதரசம் பிழை வரும். மேசையைச் சாய்த்தார்கள், உயர்த்தினார்கள், ஆர்ட்டரி லைனின் அழுத்தத்தை அளக்கும் டிரான்ஸ்டியூசர் பழைய இடத்திலேயே கம்பியில் தொங்குகிறது. வித்தியாசத்தில் பாதி பெரும்பாலும் இதுதான். இரண்டையும் இதயத்தின் மட்டத்துக்குக் கொண்டுவந்து மறுபடி ஜீரோ செய்யுங்கள். விரல் கஃபில் உயரத்தைக் கணக்கிடும் சென்சார் இருந்தால், இதய முனை மார்பின் பக்கவாட்டில் ஒட்டியிருக்க வேண்டும். அது டிரேப்போடு நழுவி மேசை ஓரத்தில் கிடப்பது சகஜம்.

அடுத்து ஆர்ட்டரி லைனின் அலையைப் பாருங்கள். ஃபிளஷ் செய்து விட்டால் அலை ஓரிரு முறை ஆடி அடங்க வேண்டும். ஆடாமல் சாய்ந்து இறங்கினால் குழாயில் குமிழி அல்லது உறைவு. அந்த 85ஐ நம்பக் கூடாது.

இரண்டும் சரி, வித்தியாசம் மட்டும் நிற்கிறது என்றால், எந்த இடத்து ஆர்ட்டரி லைன் என்று கேளுங்கள். வாசோபிரசர் அதிகமாக ஓடும்போதும், புதிய கல்லீரலுக்கு ரத்தம் திறந்த உடனேயும், மணிக்கட்டு லைன் உண்மையான மைய அழுத்தத்தைவிடக் குறைத்துக் காட்டலாம். தொடை லைன் இருந்தால் அதுதான் தீர்ப்பு. மணிக்கட்டு எண்ணைத் துரத்தி நார்அட்ரினலினையும் திரவத்தையும் ஏற்றிக்கொண்டே போவது எளிதில் நேரும் தவறு. அதற்காக விரல் கஃப்தான் சரி என்றும் ஆகிவிடாது. வீங்கிய விரல், குளிர்ந்த விரல், அளவு பொருந்தாத கஃப் ஆகிய மூன்றும் அதைக் கெடுக்கும். ஒரே விரலில் 8 மணி நேரத்துக்கு மேல் வைக்காமல் மாற்றிவிடுங்கள். இந்த அறுவை அந்த எல்லையைத் தாண்டுவது உண்டு.

அறிகுறி: இதய வெளியேற்றம் 12 லிட்டர், அடுத்த நிமிடம் காலி

பயோரியாக்டன்ஸ் கருவியாக இருந்தால் சந்தேகம் டயாதெர்மி (மின்சாரத்தால் கருக்கும் கருவி) மேல். சர்ஜன் தொடர்ந்து கருக்கிக்கொண்டிருக்கும் நேரத்து எண்ணை விட்டுவிடுங்கள்; அவர் நிறுத்திய பிறகு இரண்டு, மூன்று நிமிடம் கழித்து வரும் எண்ணை எடுங்கள். அப்போதும் எண் தாவினால் பட்டைகளைப் பாருங்கள். வயிற்றைத் துடைத்த கிருமிநாசினியான போவிடோன் வழிந்து கீழ்ப் பட்டைகளை நனைத்திருக்கும். முன்பக்கம் அறுவைப் பகுதிக்குள் வரும் என்பதால், தூங்கவைத்து டிரேப் போடும் முன்பே, ஸ்பிரிட்டால் துடைத்து உலர்த்தி, முதுகுப் பக்கம் ஒட்டிவிடுவது மேல். மார்புக்குள் நீர் நிறைந்திருந்தால் தனி எண்ணை நம்பாமல் போக்கை மட்டும் பாருங்கள்.

ஆனால் சிரோசிஸில் 9, 10 லிட்டர் உண்மையாகவே இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். பிபி அலையை வைத்து, தனி அளவீடு ஏதும் இல்லாமல் வெளியேற்றத்தை ஊகிக்கும் கருவிகள், நாளங்கள் மிகவும் விரிந்த இந்த நோயாளிகளில் குறைத்தே காட்டும். 5 லிட்டர் என்று பார்த்துவிட்டு ‘சாதாரணம்’ என்று நினைத்தால் தப்பு.

இங்கே ஒரு கணக்கு. 100 மி.லி. திரவத்தை ஒரு நிமிடத்தில் கொடுத்து, வெளியேற்றம் 5% ஏறுகிறதா என்று பார்க்கும் சிறு சோதனை பிரபலமானது. கருவியின் சொந்தத் தடுமாற்றமே 10% என்றால், 5% ஏற்றத்தை அது எப்படிக் காட்டும்? ஊசி குத்தாத வெளியேற்றக் கருவியை வைத்துச் சோதிப்பதாக இருந்தால், 250 மி.லி.யை 5 முதல் 10 நிமிடத்தில் கொடுத்து, 10 முதல் 15% ஏற்றத்தைத் தேடுங்கள். அது வேண்டாம் என்றால், திரவமே கொடுக்காமல் வென்டிலேட்டரை வெளிமூச்சின் கடைசியில் 15 நொடி நிறுத்தி, ஆர்ட்டரி அலையில் பல்ஸ் பிரஷர் கூடுகிறதா என்று பாருங்கள். கால்களைத் தூக்கும் சோதனைக்கு இந்த மேசையில் இடமில்லை.

அறிகுறி: கிளாம்ப் போட்டதும் பி.வி.ஐ. 10லிருந்து 25

இந்த எண் பொய்யல்ல. பழைய கல்லீரலை எடுக்கக் கீழ்ப்பெருஞ்சிரையைக் கிளாம்பால் முழுவதுமாக அடைத்தால் கால்களிலிருந்தும் வயிற்றிலிருந்தும் ரத்தம் இதயத்துக்குத் திரும்பாது. வெளியேற்றம் பாதி அளவுக்குக்கூட இறங்கலாம். இதயம் உண்மையிலேயே வெறுமையாக இருக்கிறது. ஆனால் ரத்தம் உடம்பைவிட்டுப் போகவில்லை, கிளாம்புக்குக் கீழே தேங்கி நிற்கிறது. பி.வி.ஐ.யை 12க்குக் கொண்டுவர இரண்டு லிட்டர் ஏற்றினால், கிளாம்பை எடுக்கும் நொடியில் தேங்கியதும் நீங்கள் கொடுத்ததும் சேர்ந்து வலது இதயத்தின் மேல் வந்து விழும். புதிதாகத் தைத்த கல்லீரலும் அதற்கு எதிரே நிற்க வேண்டும்.

செய்ய வேண்டியது இது. கிளாம்பை உறுதியாகப் போடும் முன் சர்ஜனிடம் சில நிமிடச் சோதனை அடைப்பு கேளுங்கள். கிளாம்புக்கு முந்திய பிபி, பி.வி.ஐ., எண்ட்-டைடல் கார்பன் டை ஆக்சைடு (வெளிமூச்சின் கடைசியில் உள்ள அளவு) மூன்றையும் எழுதுங்கள். அடைத்ததும் வாசோபிரசரை ஏற்றுங்கள். சராசரி பிபி 60, 65இல் நின்றுவிட்டால், பி.வி.ஐ. 20இல் இருந்தாலும் அப்படியே விடலாம். நிற்கவில்லையென்றால் 250 மி.லி. கொடுத்துப் பாருங்கள். அதற்கும் நிற்கவில்லையென்றால் சர்ஜனிடம் சொல்லுங்கள். கிளாம்பைச் சாய்த்துப் போடுவது, போர்ட்டல் சிரையைப் பெருஞ்சிரையோடு தற்காலிகமாகச் சேர்க்கும் போர்ட்டோகேவல் இணைப்பு, ரத்தத்தை வெளிக்குழாய் வழி இதயத்துக்குத் திருப்பும் பைபாஸ் என்று அவர் பக்கம் வழிகள் உண்டு. திரவத்தால் தீர்க்க முடியாத பிரச்சினையைத் திரவத்தால் தீர்க்க முயலக் கூடாது.

பெருஞ்சிரையை வெட்டாமல் விட்டு, அதன் பக்கவாட்டில் மட்டும் கிளாம்ப் போடும் பிக்கிபேக் முறையில் வீழ்ச்சி குறைவு. உயிருள்ளவரிடமிருந்து பெறும் கல்லீரல் துண்டில் பெருஞ்சிரை வருவதில்லை என்பதால், இந்தியாவில் நடக்கும் மாற்றுகளில் பெரும்பகுதி இவ்வகைதான். அங்கே கிளாம்புக்குப் பின் பி.வி.ஐ. 25 வந்தால், கிளாம்ப் நினைத்ததைவிட ஆழமாகப் பிடித்திருக்கிறதா, அல்லது ரத்தம் போகிறதா என்று கேட்க வேண்டும்.

கிளாம்புக்குப் பின் எண்ட்-டைடல் கார்பன் டை ஆக்சைடு இறங்குவது இயல்பு. வெளியேற்றம் குறைந்தது ஒரு காரணம். உடம்பில் கார்பன் டை ஆக்சைடு உருவாவதே குறைந்தது இன்னொரு காரணம்.

அறிகுறி: புதிய கல்லீரலுக்கு ரத்தம் திறந்ததும் பிபி சரிகிறது

குடல் ரத்தத்தைக் கல்லீரலுக்குக் கொண்டுவரும் போர்ட்டல் வெயினின் கிளாம்ப் விலகியதும், குளிர்ந்த, அமிலம் ஏறிய, பொட்டாசியம் மிகுந்த ரத்தம் நேராக வலது இதயத்துக்குப் போகிறது. உறுப்பைக் காக்கும் யூ.டபிள்யூ. கரைசலில் பொட்டாசியம் லிட்டருக்கு 120 மில்லிமோலுக்கு மேல், இன்னொரு கரைசலான எச்.டி.கே.யில் 10க்குள். எந்தக் கரைசல், எதைக்கொண்டு கழுவினார்கள் என்று கிளாம்ப் எடுக்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதல் 5 நிமிடத்துக்குள் சராசரி பிபி முந்திய அளவைவிட 30%க்கு மேல் விழுந்து ஒரு நிமிடமாவது அப்படியே நின்றால், அதுவே ரீபர்ஃப்யூஷன் சிண்ட்ரோம். 1987இல் வகுத்த இந்த வரையறை இன்றும் புழங்குகிறது.

இந்த ஐந்து நிமிடத்தில் பி.வி.ஐ. இரண்டு வழியில் ஏமாற்றும்.

ஒன்று, பொய்யாக ஏறும். வலது இதயம் தளர்ந்து விரிந்திருக்கும்போது வென்டிலேட்டரின் ஒவ்வொரு மூச்சும் அதன் பளுவைக் கூட்டும். இடது பக்கம் போகும் ரத்தம் மூச்சுக்கு மூச்சு மாறும். பி.வி.ஐ. 22 காட்டும், திரவக் குறைவு என்று தோன்றும். அந்த நேரத்தில் சென்ட்ரல் லைன் அழுத்தம் 8லிருந்து 18க்கு ஏறியிருந்தால் கதை வேறு. பி.வி.ஐ.யும் சென்ட்ரல் அழுத்தமும் சேர்ந்து ஏறினால் பையை மூடுங்கள். அது வலது இதயம். உணவுக்குழாய் வழி எக்கோ இருந்தால் நான்கு அறைக் காட்சியில் வலது கீழறை இடதை நசுக்குவது கண்ணுக்கே தெரியும். உணவுக்குழாயில் புடைத்த நாளங்களுக்குச் சமீப காலத்தில் பேண்ட் (கட்டும் ரப்பர் வளையம்) போட்டிருந்தால் எக்கோ ப்ரோபை இறக்கும் முன் யோசியுங்கள்.

இரண்டு, பொய்யாக இறங்கும். ரத்தம் திறக்கும் முன் அமிலத்தைச் சமாளிக்க மூச்சு எண்ணிக்கையை 14லிருந்து 24க்கு ஏற்றுவது வழக்கம். நாடி 80 என்றால் 80ஐ 24ஆல் வகுக்க 3.3. எல்லையான 3.6க்குக் கீழே போய்விட்டது. இனி பி.வி.ஐ. 7 காட்டினாலும் அதற்குப் பொருள் இல்லை. பின்பக்கத் தையலில் ரத்தம் ஒழுகிக்கொண்டிருக்கும், எண் மட்டும் அமைதியாக இருக்கும்.

அதனால் இந்த ஐந்து நிமிடத்துக்கு விரலைத் தள்ளி வைத்துவிட்டு ஈ.சி.ஜி., ஆர்ட்டரி அலை, சென்ட்ரல் அழுத்தம், அறுவைப் பகுதி இவற்றைப் பாருங்கள். டி அலை கூர்மையாகி, கியூ.ஆர்.எஸ். அகன்றால் 10% கால்சியம் குளோரைடு 10 மி.லி. பிபி விழுந்தால் அட்ரினலின் 10 முதல் 20 மைக்ரோகிராம், தேவைக்கு மறுபடி. இவற்றை முன்கூட்டியே சிரிஞ்சில் எடுத்து லேபிள் ஒட்டி வைத்திருக்க வேண்டும். திரவம் கொடுப்பது, கண்ணெதிரே ரத்தம் போகும்போதும், சென்ட்ரல் அழுத்தம் தாழ்ந்து நிற்கும்போதும் மட்டும். பத்து நிமிடம் கழிந்து மூச்சு எண்ணிக்கையைக் குறைத்ததும் பி.வி.ஐ. மறுபடி பேசத் தொடங்கும்.

பிபி எதற்கும் ஏறாமல் மெத்திலீன் புளூ என்ற நீலச் சாய மருந்தைக் கொடுத்தால், ப்ரோப் காட்டும் ஆக்சிஜன் அளவான எஸ்.பி.ஓ.2 திடீரென்று 80க்கும் கீழே போகும். சாயம் ப்ரோபின் சிவப்பு ஒளியை விழுங்குவதால் வரும் பொய் எண் அது. பெரும்பாலும் சில நிமிடங்களில் திரும்பிவிடும், எஸ்.பி.எச்.பி.யையும் பி.வி.ஐ.யையும் அதுவரை பார்க்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் ரத்த வாயுவில் ஆக்சிஜனைப் பாருங்கள்.

அறிகுறி: எண்ட்-டைடல் கார்பன் டை ஆக்சைடு 34லிருந்து 18க்கு ஒரே இறக்கம்

வென்டிலேட்டர் குழாய் கழன்றதா என்று ஒரு பார்வை. அது சரியென்றால் இதயத்துக்குள் காற்றோ ரத்தக்கட்டியோ போயிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு சத்தமாகச் சொல்லுங்கள். ரத்தம் திறந்ததும் இந்த எண் ஏற வேண்டும். ஏறாமல் விழுவது நல்ல சகுனம் அல்ல. எக்கோவில் பாருங்கள், சர்ஜன் சிரைத் திறப்பை மூடட்டும், ஆக்சிஜன் 100%.

அறிகுறி: எஸ்.பி.எச்.பி. 10 காட்டுகிறது, உறிஞ்சு பாட்டில் நிறைகிறது

பாட்டிலை நம்புங்கள். தோல் வழி ஹீமோகுளோபின் ஒரு கிராம், ஒன்றரை கிராம் இப்படியும் அப்படியும் விலகும், பி.ஐ. குறைந்தால் இன்னும் மோசம். ரத்தம் ஏற்றலாமா என்பதை அதை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஒரு ரத்த வாயுப் பரிசோதனையோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்த பரிசோதனை வரை போக்கைப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கருவியோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதும் முக்கியம். மின் கடத்தலை வைத்து ஹீமட்டோகிரிட்டைக் கணக்கிடும் கையடக்கக் கருவிகள், புரதம் குறைந்த ரத்தத்தில் குறைத்துக் காட்டும். அல்புமின் 2 கிராம் உள்ள சிரோசிஸ் நோயாளியில் அந்தப் பிழை தேவையில்லாத ஒரு பை ரத்தமாக முடியலாம். ஒளியால் ஹீமோகுளோபினை நேராக அளக்கும் கோ-ஆக்சிமெட்ரி உள்ள கருவியின் எண்ணோடு ஒப்பிடுங்கள்.

அறிகுறி: நியர்ஸ் தொடக்கத்திலேயே 35

கண் மஞ்சளாக இருக்கிறதா? பிலிருபின் மிக அதிகமானால் நெற்றி சென்சார் மிகக் குறைந்த எண்ணைக் காட்டக்கூடும்; மூளைக்கு ஆக்சிஜன் இல்லை என்று பொருள் அல்ல. தூங்கவைக்கும் முன் உள்ள எண்ணைக் குறித்து, அதிலிருந்து 20% விழுந்தால் மட்டும் பிபி, ஹீமோகுளோபின், கார்பன் டை ஆக்சைடு மூன்றையும் தேடுங்கள்.

அறிகுறி: எண்கள் எல்லாம் சரி, ‘கல்லீரல் வீங்குகிறது’ என்கிறார் சர்ஜன்

சர்ஜன் சொல்வதுதான் சரி. பி.வி.ஐ. 11, பிபி 100 என்று எல்லாம் அழகாக இருந்தாலும், கையில் கல்லீரல் இறுகி, நிறம் கருத்திருந்தால் ரத்தம் வெளியேற வழியில்லாமல் தேங்குகிறது. இதயம் திரவத்துக்குப் பதில் தரும் என்று பி.வி.ஐ. சொல்லும், கல்லீரல் அதைத் தாங்கும் என்று அது ஒருபோதும் சொல்லாது. சிறிய துண்டில் இது இன்னும் கடுமை. துண்டின் எடை பெறுபவரின் எடையில் 0.8%க்குக் குறைவாக இருந்தால், முன்பே அளவுக்கு மீறிய போர்ட்டல் ரத்தம் அதன்மேல் பாய்கிறது. ஓடும் திரவத்தை நிறுத்துங்கள், தலைப் பக்கத்தைச் சற்று உயர்த்துங்கள், பி.இ.இ.பி.யை (வெளிமூச்சின் கடைசியிலும் வென்டிலேட்டர் நுரையீரலில் விட்டுவைக்கும் அழுத்தம்) குறையுங்கள், சென்ட்ரல் அழுத்தத்தைப் பாருங்கள். அது 6 என்று இருந்தும் கல்லீரல் வீங்கினால் குற்றம் திரவத்தில் இல்லை. சிரைத் தையல் முறுகியிருக்கலாம், ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் கேளுங்கள்.

கொடையாளர் அறையில்

ஆரோக்கியமான கொடையாளரின் கல்லீரலை வெட்டும்போது கணக்குத் தலைகீழ். கல்லீரல் சிரைகளில் அழுத்தம் குறைந்திருந்தால்தான் வெட்டுமுகத்தில் ரத்தம் குறையும். முன்பு இதற்காகவே சென்ட்ரல் லைன் போட்டு 5க்குக் கீழே வைத்தார்கள். இப்போது பல இடங்களில் அந்த லைனைத் தவிர்த்து, பி.வி.ஐ.யையோ பல்ஸ் அலை மாற்றத்தையோ வெட்டி முடியும்வரை 10க்கு மேல் வேண்டுமென்றே நிறுத்துகிறார்கள். ஊசி குத்தாத கண்காணிப்பு உண்மையிலேயே ஒரு ஊசியை மிச்சப்படுத்தும் இடம் இதுதான். இங்கே பி.வி.ஐ. 15 என்பது அறிகுறியல்ல, இலக்கு. வெட்டும் வரை திரவத்தைக் கிலோவுக்கு மணிக்கு 1 முதல் 2 மி.லி.க்குள் அடக்கி, தலைப் பக்கத்தை உயர்த்தி வையுங்கள். பிபி இறங்கினால் முதலில் சிறிதளவு வாசோபிரசர்.

பி.வி.ஐ. 10க்குக் கீழே போய், வெட்டுமுகத்திலும் ரத்தம் பொங்கினால் திரவத்தை முழுவதும் நிறுத்துங்கள், பி.இ.இ.பி. எவ்வளவு, தசை தளர்வு போதுமா என்று பாருங்கள். நோயாளி இருமி அழுத்தினாலும் சிரை பொங்கும். எண் 20ஐத் தாண்டி, எண்ட்-டைடல் கார்பன் டை ஆக்சைடும் விட்டுவிட்டுக் குறைந்தால், திறந்த கல்லீரல் சிரை காற்றை இழுக்கிறதா என்று கேளுங்கள். துண்டு வெளியே வந்ததும் விட்டுவைத்த திரவத்தை ஒரே மூச்சில் அல்லாமல் 250 மி.லி.யாகத் திருப்பிக் கொடுத்து, பி.வி.ஐ. 10, 12க்கு வந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள்.